கருமணலும் காந்தமும்



மன்னார்த் தீவிலே, தாராபுரத்தை அடுத்த கரையோரங்களிலும் பிற இடங்களிலும், வெளிர்மணலின் இடையே கருமணல் கலந்து கிடப்பதைக் காணலாம். அக்கருமணலில் இல்மனைற்று என்னும் கனியம் உண்டு. இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்த பொருள் அது. இரும்பாணி காந்தத்தைக் கண்டதும் தாவி ஒட்டிக்கொள்கிறது. இரும்பைத் தன்னுள்ளே கொண்ட இல்மனைற்றோ அவ்வாறு தாவுவதில்லை. வலிய காந்தத்துக்கு மட்டுமே அது இணங்குகிறது. இதன் காரணம் யாது?

இலத்திரன் ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தம். இரண்டு இலத்திரன்கள் சோடி சேருங்கால் எதிரெதிர்த் திசை நோக்குவதால், அவற்றின் காந்தத்தன்மை மறைந்துவிடும். இரும்பு, கோபால்ற்று, நிக்கல் போன்ற தாண்டல் மூலகங்களின் அணுக்களில், பத்து இலத்திரன்கள் அமரக்கூடிய ஐந்து அறைகள் முற்றும் நிரம்பாதிருக்கின்றன. அறைக்கு ஒன்றாக அமர்ந்த பின்னரே இலத்திரன்கள் அங்கே சோடி சேரும். இரும்புக்கு அவ்வறைகளில் உள்ளவை ஆறு. ஆகவே ஓர் அறையில் சோடி. மற்றை நான்கில் தனி இலத்திரன்கள். இல்மனைற்றில் இரும்பு தன் வெளிப்புற இலத்திரன்கள் இரண்டை இழந்தாலும், இந்த ஆறும் எஞ்சி நிற்கின்றன. தைத்தேனியமோ அவ்வறைகளில் உள்ளவை உட்படத் தன் வெளிப்புற இலத்திரன்கள் நான்கையும் இழந்துவிடுவதால், காந்தத் தொழிலில் அதற்குப் பங்கில்லை.

எனினும், தனி இலத்திரன்கள் இருந்தால் மட்டும் போதாது. அவை ஒரே திசை நோக்கவும் வேண்டும். இரும்பு உலோகத்தில் அயலணுக்கள் ஒன்றையொன்று அவ்வாறு நெறிப்படுத்துகின்றன. இந்த ஒற்றுமையின் காரணத்தைச் சொட்டுப் பௌதிகத்தின் வழியே 1928 இல் ஐசன்பேக்கு என்னும் செருமானிய அறிஞர் விளக்கினார். 770 பாகை செல்சியசு வரை வெப்பம் ஏறினாலன்றி அது குலையாது. இல்மனைற்றிலோ, இரும்புப் படைகளுக்கிடையே தைத்தேனியப் படைகள் புகுந்து அவற்றைப் பிரித்து வைக்கின்றன. அதனால் அவற்றின் பிணைப்பு நலிந்தது. நம் நாட்டின் சாதாரண வெப்பமே அதனைக் குலைக்கப் போதுமானது. வலிய காந்தத்தின் முன் மாத்திரம் அந்த நுண்காந்தங்கள் சற்றே ஒருபுறம் சாய்கின்றன.

அச்சிறு சாய்வே ஒரு கைத்தொழிலுக்கு அடிப்படையாயிற்று. இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் 1957 இல் அமைக்கப்பட்டது. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில் எடுக்கப்படும் மணலை வலிய காந்தங்களின் வழியே செலுத்துங்கால், இல்மனைற்று ஒருபுறம் ஒதுங்கும். இரும்பில்லாத உரூத்தைலும் சிர்க்கோனும் காந்தத்துக்கு இணங்காது மறுபுறம் செல்லும். வெண்ணிறப் பூச்சுகளுக்கு வேண்டிய தைத்தேனிய ஈரொட்சைட்டு இல்மனைற்றிலிருந்தே பெருமளவில் ஆக்கப்படுகிறது.

மன்னாரின் கருமணல்மீதும் இன்று நாட்டம் எழுந்துள்ளது. கனிய மணல் அகழ்வை எதிர்த்து 2025 இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். கடல்மட்டத்தினின்று அதிகம் உயராத அத்தீவுக்கு மணலே அரண். மழைநீரைத் தாங்கிக் கிணறுகளுக்கு நன்னீர் அளிப்பதும் அம்மணலே. மணலிலிருந்து இல்மனைற்றைப் பிரித்தெடுக்கக் காந்தத்தால் இயலும். ஆனால், எவ்வளவு மணலை எடுக்கலாம், எதனைத் தொடாது விடவேண்டும் என்பதைக் காந்தம் சொல்லாது. அதனை ஆராய்ந்து முடிவு செய்யவேண்டியோர் மனிதரே; அவர்களுள்ளும் அக்கிணற்று நீரை அருந்தி வாழ்வோரின் சொல்லுக்கு முதலிடம் வேண்டும்.