சுவரடி இடுக்கு

வேலூர்க் கோட்டைக்கு அணித்தே லாங் பஜார் என்னும் கடைத்தெரு உளது. விடியற்காலை தொடங்கி வண்டிகளும் மூட்டைகளும் நெருங்கும் தெரு அது. அங்கே எம் பாட்டனாருக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. கீழே கடை, மேலே குடியிருப்பு. மேல்மாடியின் தளம் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனதன்று. தேக்கு உத்திரங்களின்மேல் பலகைகளைப் பரப்பி ஆணியடித்த மச்சு. சுவரின் அடியைச் சுற்றிலும் ஆறு அங்குல உயரத்தில் ஒரு பலகை பதித்திருந்தனர். அதனைச் சுவரடிப் பலகை எனலாம். கொத்தனார்கள் ‘ஸ்கர்ட்டிங்’ என்பர்.

ஆண்டுகள் செல்லச் செல்ல, அப்பலகைக்கும் தளத்திற்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு விழுந்தது. கூட்டிய குப்பை அதனுள் புகுந்தது, எறும்பு புகுந்தது. ஒருநாள் இரவு அவ்விடுக்கிலிருந்து வெளிப்பட்ட தேள் ஒன்று பாட்டியாரின் காலில் கொட்டிவிட்டது. அன்றுமுதல் அவர் மாடியில் படுக்க மறுத்துவிட்டார்.

பாட்டனார் மறுநாளே ஒரு கொத்தனாரை அழைத்தார். அது சித்திரைத் திங்கள். அவர் பலகையைப் பெயர்த்தார். தளத்திற்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்து முழுவதையும் சிமெண்டால் அடைத்தார். பலகையை மீண்டும் பதித்து அதன் அடியிலும் பூசினார். வேலை கண்ணுக்கு அழகாகவே இருந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாளில் அறையின் நடுப்பலகைகள் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு ஆமை ஓடுபோல் மேலெழுந்தன. கதவைத் திறக்க இயலவில்லை.

இதன் காரணம் யாது? மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை உண்டும் உமிழ்ந்தும் வருகிறது. ஈரம் ஏறினால் பருக்கும்; இறங்கினால் சுருங்கும். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளைக் கண்ட மாணவர்க்கு இது வியப்பாக இராது. ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்துவது அது சுருங்காதிருத்தற்கன்றோ? ஆனால் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பருப்பதில்லை. நீளவாட்டில் மாற்றம் மிகச் சிறிது; அகலவாட்டிலேதான் பெரிது. தேக்கு பிற மரங்களைவிட அடக்கமானது. எனினும் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 4 பங்கு ஈரம் கூடினால், ஓரடி அகலத்திற்கு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை விரியும். பத்தடி அறையில் பலகைகள் நெருங்கியிருப்பின் இது 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆகிறது! வேலூரில் மே மாதத்து வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். அக்காலத்தில் சுருங்கிக் கிடந்த தளத்திற்கு, மழைக்காலத்தில் விரிய இடமில்லாமற் செய்தது அந்தச் சிமெண்டு. பக்கம் இன்மையால் தளம் மேலே எழுந்தது.

ஆதலின் இடுக்குகள் இரண்டு என்பதை அறிதல் வேண்டும். தளத்திற்கும் சுவருக்கும் இடையிலுள்ளது ஒன்று. அது குறையன்று, தச்சர் வேண்டுமென்றே விட்ட இடம். அதனை மறைப்பதற்கே சுவரடிப் பலகை வைக்கப்பட்டது. பலகையின் அடிவிளிம்புக்கும் தளத்திற்கும் இடையில் தெரிவது மற்றொன்று. மூடத்தக்கது இதுவே.

பாட்டனார் பின்னர் முதிய தச்சர் ஒருவரை அழைத்துவந்தார். “ஆசாரியாரே, இம்முறையாவது நிலைக்குமா?” என்று கேட்டார்.

“ஐயா, முதலில் தளம் ஏன் இறங்கிற்று என்று பார்ப்போம், அடைப்பது பிறகு” என்றார் அவர்.

அவர் சுவரோரமாக நூல் பிடித்தார். இடுக்கு ஒரே சீராக இருந்தால் உத்திரம் உலர்ந்து கனம் குறைந்தது என்பது பொருள். நடுவில் மட்டும் அகன்றிருந்தால் உத்திரம் தொய்ந்தது என்பது பொருள். சுவருக்குள் புகுந்த உத்திர முனைகளைச் சுத்தியலால் தட்டிக் கேட்டார். பொள்ளல் ஒலி எழுந்தால் கறையான் தின்றிருக்கும். அவ்வீட்டில் இடுக்கை மூடுவது நோயை மறைப்பதாகும். எம் வீட்டில் உத்திரம் நலமாகவே இருந்தது.

சிமெண்டை உளியால் கொத்தி நீக்கிய பின், பலகையைத் தளத்தின்மேல் மட்டமாக நிறுத்தினார். கவராயத்தை மிகப் பெரிய இடுக்கின் அளவுக்கு விரித்து, ஒரு காலைத் தளத்திலும் மறுகாலைப் பலகையிலும் வைத்து நெடுக இழுத்தார். தளத்தின் மேடுபள்ளம் அனைத்தும் பலகையில் கோடாய் விழுந்தது! அக்கோட்டளவு இழைத்து இறக்கியதும் பலகை தளத்தோடு பொருந்திற்று. வடிவியல் பெட்டியிலுள்ள கருவிக்கு இத்தகைய பயன் உண்டென்று எம் ஆசிரியர் எவரும் சொன்னதில்லை.

பலகையைப் பெயர்க்க இயலாத ஒரு மூலையில் மட்டும் கால்வட்டமான மெல்லிய சட்டம் ஒன்றை அடித்தார். ஆணியைப் பலகையில் மட்டுமே அறைந்தார். தளத்தில் ஒன்றும் அறையவில்லை. அடிக்கும்போது சட்டத்தின் அடியில் ஒரு தாளைச் செருகி, பின் உருவி எடுத்தார். தளம் அதன் கீழே தடையின்றி நகர்தற்கு அவ்விடம் போதும். இரண்டிலும் ஆணி அறைந்தால் ஒன்று பிளக்கும்.

இக்காலத்தில் குழாயிலிருந்து பிதுக்கும் அக்ரிலிக் பசை கிடைக்கிறது. காய்ந்த பின்னும் நெகிழ்வுடையதாதலின் 4, 5 மில்லிமீட்டருக்குட்பட்ட இடுக்குகளுக்கு அது தகும். அகன்றவற்றில் விரைவில் கிழிந்துவிடும். புதிதாக லேமினேட் தளம் இடுவோரும் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் விடவேண்டும்.

தச்சர் போகுமுன் பலகையின் அடியில் பென்சிலால் ஒரு கோடிட்டுத் திங்களைக் குறித்து, ஆறு திங்களுக்கு ஒருமுறை பார்க்கும்படி என்னிடம் சொன்னார். அடுத்த சித்திரையில் பார்த்தேன். ஒரு தாள் நுழைந்தது, இரண்டாவது நுழையவில்லை. பாட்டியாரும் அதனைத் தம் விரலால் தடவிப் பார்த்த பின்னரே பாயை மாடிக்குக் கொண்டுவரச் சொன்னார்.