பல குரல், ஒரு பாட்டு

குரல் தடித்த மாணவனை வாழ்த்துப் பாடும் வரிசையிலிருந்து விலக்கிவிடுதல் பினாங்குப் பள்ளிகளிலும் பிறவிடங்களிலும் காணும் வழக்கமே. நம் இசை ஒற்றை மெட்டைப் போற்றுவது. அம்மெட்டிற்கு இசையாத குரல் அங்கே குறையாகிவிடுகிறது. மேலைநாட்டுச் சேர்ந்திசையிலோ வெவ்வேறு குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களில் நின்று இணைகின்றன. அம்முறை தமிழ்ப் பாட்டிற்குப் பொருந்துமா?

பொருந்தும் எனச் செய்து காட்டியவர் எம்.பி. சீனிவாசன் (1925–1988). சித்தூரிலே பிறந்த அவர், மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டவர். 1960இல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ படத்திற்கு இசையமைத்தார். ‘உள்கடல்’ (1979), ‘யவனிகா’ (1982) முதலிய மலையாளப் படங்கள் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டின. திரையிசைக் கலைஞர்களின் உரிமைக்காகச் சங்கம் அமைப்பதிலும் முன்னின்றார்.

எனினும், அவரது தனிப்பெரும்பணி 1970களின் தொடக்கத்தில் நிறுவிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவேயாம். பாரதியார் பாடல்களையும் பிற இந்திய மொழிப் பாடல்களையும் பல குரலுக்கென அமைத்து, தாமே நெறிப்படுத்தி இசைக்கச் செய்தார்.

சேர்ந்திசையில் எவரும் தனித்து ஒளிர்வதில்லை. அடுத்தவர் குரலுக்குச் செவிசாய்த்தே தம் குரலை எழுப்புதல் வேண்டும். உச்சக் குரல்கள் மேலே செல்ல, கீழ்ச்சுரத்தில் நின்று தாங்குவது தடித்த குரலே. நாம் விலக்கிய மாணவனுக்கும் அங்கே இடமுண்டு. அவனின்றி அப்பாட்டு நிறைவு பெறாது.