கேட்காதவருக்கும் கிடைக்கும் உணவு



ரமலான் பொருட்கள் வழங்கும் நாளில் வரிசை நீளமாக நின்றால் கொடுப்பவர்களுக்கு மனம் நிறைந்துவிடுகிறது. இத்தனை குடும்பங்களுக்கு உதவினோம் என்று கணக்கும் எழுதிவிடலாம். ஆனால் அந்த வரிசைக்கு வராதவர்கள் யார் என்று எந்த ஊர்ப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை.

வேலை போனதை வீட்டு உரிமையாளருக்குத் தெரியாமல் சமாளித்துக் கொண்டிருக்கும் குடும்பம் அங்கே நிற்காது. மகளுடைய கல்லூரித் தோழிகள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சும் தாயும் வர மாட்டார். இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு வர வழியே இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து வந்து செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், சேலையூர்ப் பகுதிகளில் வாடகைக்கு இருப்பவர்களில் பலர் எந்த ஜமாஅத்திலும் சந்தாதாரர்கள் அல்லர். ஆகவே எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது. தன்மானத்தால் கையேந்தாமல் இருப்பவர்களை, விவரம் அறியாதவர்கள் வசதி உள்ளவர்களென்றே நினைத்துவிடுவதைத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 273-ஆம் வசனம் எடுத்துச் சொல்கிறது. தேடிப் போய்க் கண்டுகொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

உணவு உதவி என்றதும் எத்தனை கிலோ, எத்தனை பேருக்கு என்ற பேச்சே நம்மிடம் அதிகம். எப்படிக் கொடுப்பது, என்ன உணவைக் கொடுப்பது என்ற இரண்டையும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நல்ல முறை ஒன்று நம் பள்ளிவாசல்களிலேயே இருக்கிறது. அஸர் தொழுகைக்குப் பின் தூக்குச் சட்டியோடு நோன்புக் கஞ்சி வாங்க வரும் பிள்ளையிடம், உன் வாப்பாவுக்கு என்ன சம்பளம் என்று எவரும் கேட்பதில்லை. கார் வைத்திருப்பவர் வீட்டுக்கும், ஆட்டோ ஓட்டுபவர் வீட்டுக்கும் ஒரே அண்டாவிலிருந்துதான் ஊற்றுகிறார்கள். பக்கத்துத் தெருவின் இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகளும் வாங்கிப் போகிறார்கள். வசதியுள்ளவரும் வாங்குவதால், இல்லாதவர் வாங்குவது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. 2001 முதல் தமிழக அரசு இதற்காகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுத்து வருகிறது. சத்திலும் அந்தக் கஞ்சிக்குக் குறைவில்லை: அரிசியோடு பாசிப்பருப்பும் வெந்தயமும் காய்கறியும் கொத்துக்கறியும் தேங்காய்ப் பாலும் சேர்கின்றன. பசித்த வயிற்றுக்கு இதைவிட இதமான உணவை எந்த மருத்துவரும் எழுதித் தர முடியாது என்பது என் கருத்து.

எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்தால் வாங்குபவருக்குக் கூச்சம் இருக்காது என்பதைத் தமிழ்நாடு நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பழகி வந்திருக்கிறது. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது அன்றைய வரம்பு. பிறகு 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர். என்று அது வளர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. வகுப்பில் உள்ள பிள்ளைகள் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து உப்புமாவும் பொங்கலும் சாப்பிடும்போது, வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளை யார் என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாது.

ரேஷனும் அப்படித்தான். 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்து மக்களைப் பிரித்தபோது, தமிழ்நாடு பொது விநியோகத்தை எல்லாருக்கும் உரியதாகவே வைத்துக்கொண்டது. அரிசி அட்டைகளுக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்பதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. 2013-ல் வந்த அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய் உணவகத்தின் செலவை ஈடுகட்டாது. ஆனால் காசு கொடுத்துச் சாப்பிட்டேன் என்று சொல்ல அது ஒருவருக்கு இடம் கொடுக்கிறது.

ஒரு சிறிய ஜமாஅத்தோ அறக்கட்டளையோ அரசைப் போல எல்லாருக்கும் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். அதற்குக் கோழிக்கோடு ஒரு வழி காட்டியது.

2015-ல் அந்த மாவட்ட ஆட்சியராக இருந்த என். பிரசாந்த், உணவக உரிமையாளர்கள் சங்கத்தைச் சேர்த்துக்கொண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பெயர் ஆபரேஷன் சுலைமானி. சுலைமானி என்றால் மலபார் முஸ்லிம் வீடுகளில் பிரியாணிக்குப் பின் குடிக்கும் பால் சேர்க்காத எலுமிச்சைத் தேநீர். பசியோடு இருப்பவர் கிராம அலுவலகம் போன்ற ஓர் இடத்துக்குப் போய் ஒரு கூப்பன் வாங்கிக்கொள்ளலாம். திட்டத்தில் சேர்ந்த உணவகம் ஒன்றில் அதைக் கொடுத்துவிட்டு, மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். நீ ஏழைதானா, அட்டை எங்கே என்ற கேள்வி கிடையாது. உணவகங்களில் வைத்த உண்டியலில் பொதுமக்கள் போடும் பணத்திலிருந்து அந்தச் சாப்பாட்டுச் செலவு ஈடுசெய்யப்பட்டது.

வசதி உள்ளவர்களும் வந்து சாப்பிட்டுவிட மாட்டார்களா என்ற சந்தேகம் நம்மில் பலருக்கு உடனே வரும். வரலாம்தான். பத்துப் பேரில் ஒருவர் தேவையில்லாமல் சாப்பிட்டுப் போனால் ஒரு சாப்பாடு போகிறது. அந்த ஒருவரைப் பிடிக்கவேண்டும் என்று ஒன்பது பேரையும் வாசலில் நிறுத்தி விசாரித்தால், அவர்களில் சிலர் மறுபடி வரவே மாட்டார்கள். எனக்கு முதல் நட்டமே சிறியதாகத் தெரிகிறது.

கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாமல் உதவுவது நம் வரலாற்றுக்குப் புதியதும் அல்ல. இமாம் ஜைனுல் ஆபிதீன் அவர்கள் இரவில் மாவு மூட்டையைத் தாமே முதுகில் சுமந்து மதீனாவின் ஏழை வீடுகளில் வைத்துவிட்டுப் போனதாகவும், அவர்கள் மறைந்து உணவு நின்ற பிறகே அதைக் கொடுத்தவர் யார் என்று வீட்டாருக்குத் தெரிந்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உஸ்மானியர் ஆட்சிக் காலத்தில், ரமலான் வந்தால் வசதி படைத்தவர்கள் தங்களை அறியாத பகுதியின் மளிகைக் கடைக்குப் போவார்கள். கடன் நோட்டை எடுக்கச் சொல்லி, சில பக்கங்களின் கணக்கை முழுதாகத் தீர்த்துவிட்டு, பெயர் சொல்லாமல் போய்விடுவார்கள். நம் தெரு மளிகைக் கடைகளிலும் அந்த நோட்டு இருக்கிறது. அதற்கு அறக்கட்டளைகூடத் தேவையில்லை. யாரும் இன்று மாலையே செய்யலாம்.

ஜகாத் பற்றி ஒரு விளக்கம். வாங்குபவரிடம் இது ஜகாத் என்று சொன்னால்தான் நிறைவேறும் என்று சிலர் நினைக்கிறார்கள். கொடுப்பவரின் நிய்யத் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை என்பதே ஃபுகஹாக்களில் பெரும்பான்மையோரின் நிலை. ஆனால் பணத்துக்குரிய ஜகாத்தைப் பொருளாகக் கொடுக்க ஹனஃபி மத்ஹபில் அனுமதி உண்டு, ஷாஃபிஈ மத்ஹபில் பொதுவாக இல்லை. இரு மத்ஹபினரும் சேர்ந்து வாழும் இடம் இது. ஜகாத்தை உரியவர் கையில் பணமாக, மூடிய உறையில் சேர்த்துவிடுவதே சிக்கலற்றது. உணவுக்கான செலவை ஸதகாவிலிருந்து எடுக்கலாம்.

இனி, என்ன உணவு?

வழக்கமான ரமலான் பையைத் திறந்து பாருங்கள். அரிசி, சீனி, மைதா, சேமியா, பாமாயில், கொஞ்சம் பேரீச்சம்பழம். அரிசியும் சீனியும் ரேஷனிலேயே கிடைக்கின்றன; பாமாயிலும் லிட்டர் 25 ரூபாய்க்கும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் அங்கே வழங்கப்படுகின்றன. கடையில் மலிவாகக் கிடைப்பதையே நாமும் பையில் போட்டால், குறைவாக இருப்பது குறைவாகவே இருக்கும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 விழுக்காடு என்கிறது. ஒரே வீட்டில் மருமகளுக்கு இரத்தம் குறைவு, மாமியாருக்குச் சர்க்கரை என்றால், மைதாவும் சீனியும் யாருக்கு உதவும்?

முட்டை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, கேழ்வரகு மாவு, முருங்கைக்கீரை, மத்தி மீன் — விலையில் எட்டாதவை அல்ல. கீரையோடும் பருப்போடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் அவற்றில் உள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அதைத் தடுக்கும். நம் வீடுகளில் பிரியப்பட்டு வளர்த்துவிட்ட பழக்கம் இது, ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் போதும். குர்பானிப் பங்கில் ஈரல் வந்தால் அதை இரத்தம் குறைந்த பெண்ணுக்குக் கொடுங்கள். பெரும்பாலும் அது வீட்டின் ஆண்கள் தட்டுக்கே போகிறது.

மீந்த பிரியாணியைப் பற்றியும் கேட்கிறார்கள். பெசன்ட் நகரில் 2017-ல் பல் மருத்துவர் ஈசா ஃபாத்திமா ஜாஸ்மின் ஒரு பொதுக் குளிர்பதனப் பெட்டியைத் தொடங்கினார். யாரும் உணவு வைக்கலாம், யாரும் எடுக்கலாம், பக்கத்தில் துணிமணி, புத்தகங்களுக்கும் அலமாரி உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தினமும் கவனிக்க ஆள் வேண்டும். வலீமா பந்தியில் மிஞ்சியதை நம் ஊர் வெயிலில் மூன்று மணி நேரம் மூடி வைத்துவிட்டு ஒருவர் வீட்டுக்கு அனுப்புவது உதவி ஆகாது. முதல் பந்தியிலேயே அவர்களை அழைத்து உட்கார வைக்கலாம். வசதியுள்ளவர் மட்டும் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா விருந்தை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் நமக்குத் தெரிந்ததே.

இவற்றையெல்லாம் வைத்து நிர்வாகக் குழுவின் முன் ஒரு யோசனையை வைத்திருக்கிறேன். பைக்குப் பதிலாக மாதாந்தரச் சீட்டு. அதில் அறக்கட்டளையின் பெயரோ முத்திரையோ இருக்காது, ஓர் எண்ணும் தொகையும் மட்டும் இருக்கும். முட்டை, பயறு, காய்கறி, மீன் வாங்க அது செல்லும். அலுவலகத்தில் கொடுக்காமல், பெண்கள் மதரஸாவின் உஸ்தாபி, தெருவின் மருந்துக் கடைக்காரர், தையல் சொல்லிக் கொடுக்கும் அம்மா என்று மக்கள் ஏற்கெனவே நம்பிப் பேசுபவர்களிடம் சில சீட்டுகளைக் கொடுத்து வைப்போம். யாருக்குக் கொடுத்தார்கள் என்று நாம் கேட்கப் போவதில்லை. தணிக்கைக்கு எண்ணும் கடை ரசீதும் போதும். புகைப்படம் எடுப்பதில்லை.

இதற்குக் கடைகள் வேண்டும். மளிகை, முட்டை, காய்கறி, மீன் கடை வைத்திருப்பவர்கள், எந்த மதத்தினராயினும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் சந்திக்கலாம். மாத முடிவில் பணம் தீர்க்கப்படும். கடைக்காரர்களிடம் கேட்பது இரண்டுதான்: மற்றவர்களுக்குச் சொல்லும் விலையையே சொல்ல வேண்டும், சீட்டு கொண்டு வருபவரைத் தனியே ஓரமாக நிறுத்தி வைக்காமல், வந்த வரிசையிலேயே பொருளைக் கொடுத்தனுப்ப வேண்டும்.