சுகர் நோட்டுல நான் எழுதிய பொய்: கர்ப்பகாலச் சர்க்கரைக்கு மருந்து எப்போ?

இந்த எபிசோட் கொஞ்சம் பர்சனல். போன வருஷம் நான் ஏழு மாசக் கர்ப்பிணி. ஒரு நாள் காலையில குளுக்கோமீட்டர் 104 காட்டியது. நான் நோட்டுல 94னு எழுதினேன். ஏன் எழுதினேன், அது ஏன் தப்பு, இதுதான் இன்றைய கதை. நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுற ஆள். உங்க முடிவை உங்க டாக்டரோட பேசித்தான் எடுக்கணும்.

முதல்ல டெஸ்ட். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கணும். 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பாங்க. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. (இங்கே சொல்ற எல்லா எண்ணும் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.) வெறும் வயிற்றோடதான் வரணும்னு கட்டாயம் இல்லாத இந்த முறைக்காகப் பல வருஷம் பேசியவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள்.

எனக்கு 26வது வாரத்தில் 158 வந்தது. அம்மா உடனே, "நான் அப்பவே சொன்னேன், அந்த ஐஸ்கிரீம் வேணாம்னு." உண்மையில் ஐஸ்கிரீம் மட்டும் காரணம் இல்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. வாரம் ஏற ஏற இந்தத் தடையும் ஏறும். கணையம் அதற்கு ஈடாக அதிக இன்சுலின் சுரக்கணும். சிலருக்கு அது முடியாது. சர்வர் மேல லோடு ஏறுது, கெபாசிட்டி ஏறலை. அவ்வளவுதான்.

உடனே மருந்து கொடுக்கவில்லை. இந்திய அரசின் வழிகாட்டுதல்படி முதல் 2 வாரம் உணவும் நடையும்தான். அஞ்சு இட்லி மூணாச்சு, கூடவே நிறைய சாம்பார். மதியம் சோறு பாதி, பொரியலும் முட்டையும் மீதி. சாப்பிட்டதும் மொட்டை மாடியில் 15 நிமிஷ நடை. இலக்கு என்னன்னா, வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120க்குக் கீழே. பெரும்பாலானவங்களுக்கு இதுவே போதும்.

எனக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த எண்கள் 115 பக்கம் இறங்கிவிட்டன. காலை எண் மட்டும் 100க்குக் கீழே வரவே இல்லை. ராத்திரி சாப்பாட்டையே விட்டுப் பார்த்தேன். அப்பவும் இறங்கலை. ஏன்னா, நாம தூங்கும்போது கல்லீரல்தான் ரத்தத்தில் குளுக்கோஸை விடுகிறது. அதைக் கட்டுப்படுத்த வேண்டியதும் இன்சுலின்தான். பட்டினி கிடந்தால் கீட்டோன் கூடும், அது குழந்தைக்கு நல்லதில்லை. அந்தச் சமயத்தில்தான் 104ஐ 94 ஆக்கினேன். ஊசி போட்டால் நான் தோத்துட்டேன்னு அர்த்தம்னு நினைச்சேன்.

டாக்டர் நோட்டைப் பார்த்தார். பிறகு மீட்டரை வாங்கி மெமரி பட்டனை அழுத்தினார். திட்டலை. "இது உங்க மார்க் ஷீட் இல்லம்மா. எப்ப மருந்து ஆரம்பிக்கணும்னு இதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்"னு மட்டும் சொன்னார்.

அந்த முடிவுக்கு அவர் எதையெல்லாம் பார்த்தார்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒண்ணு, ஒரு நாள் எண் இல்லை, தொடர்ந்து வரும் போக்கு. கல்யாண விருந்துக்குப் பிறகு ஒரு தடவை 135 வந்தால் அது வேற. தினமும் காலையில் 100க்கு மேல் என்றால் அது வேற.

ரெண்டு, எந்த நேரத்து எண். காலை எண் ஏறினால் படுக்கும்போது போடும் இன்சுலின். சாப்பாட்டுக்குப் பின் ஏறினால் சாப்பாட்டுக்கு முன் போடுவது.

மூணு, ஸ்கேன். குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு அதிகமா, பனிக்குட நீர் கூடுதலா என்று பார்ப்பாங்க.

நாலு, ஆரம்ப அளவு. இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டுதலில், கண்டுபிடிக்கும்போதே வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் காத்திருக்காமல் உடனே இன்சுலின்.

காத்திருந்தால் என்ன நஷ்டம்? தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டும், தாயின் இன்சுலின் தாண்டாது. அதனால் குழந்தை தானே கூடுதல் இன்சுலின் சுரந்து பெரிதாக வளரும். பிரசவத்தில் தோள் சிக்கலாம். பிறந்ததும் அதன் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். 2005ல் வெளியான, ஆஸ்திரேலியர்கள் தலைமையில் நடந்த ஆய்வில் 1,000 பெண்கள் கலந்துகொண்டார்கள். சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளுக்குக் கடுமையான சிக்கல்கள் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தன.

மாத்திரை போதாதா? மெட்ஃபார்மின் ஒரு வழிதான். ஆனால் அது நஞ்சுக்கொடியைத் தாண்டும். 2008ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்குக் கூடவே இன்சுலினும் தேவைப்பட்டது. எங்க டாக்டர் நேரா இன்சுலினே சொன்னார்.

ஊசி கொசுக்கடி மாதிரிதான். டோஸைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, சில நாளில் காலை எண் 90 பக்கம் வந்தது. இன்சுலின் எடுக்கிறவங்க கை நடுங்கினால், வியர்த்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்க. 70க்குக் கீழே இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் குடிச்சுட்டு டாக்டருக்குச் சொல்லுங்க.

"ஆரம்பிச்சா வாழ்நாள் முழுக்க போடணுமே"னு அம்மா பயந்தாங்க. குழந்தை பிறந்த அன்றே எனக்கு நிறுத்திட்டாங்க. பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான். ஆனால் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு நமக்கு அதிகம். அதனால் 6 வாரம் கழித்து மறுபடி டெஸ்ட், அதற்குப் பிறகும் விடாமல் டெஸ்ட். முதல் டெஸ்ட்ல எனக்கு நார்மல்.

அந்த நோட்டு இன்னும் வீட்டுல இருக்கு. 94ஐ அடிச்சுட்டுப் பக்கத்துல 104னு எழுதி வச்சிருக்கேன். இதைக் கேட்கிற யாராவது இப்போ அந்த மாதிரி ஒரு நோட்டு வச்சிருந்தா, மீட்டர் காட்டுறதை அப்படியே எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.