வடிகட்டும் பிராக்ஸி: பலனும் வரம்பும்

இணையத்தில் செய்தித் தளம் ஒன்றைத் திறப்பவர், அத்தளத்துடன் மட்டுமே தொடர்பு கொள்வதாக எண்ணக்கூடும். ஆனால் அப்பக்கத்தில் இடம்பெறும் விளம்பர நிறுவனங்களின் கணினிகளும் 'குக்கி' எனப்படும் அடையாளக் குறிப்புகளை அவரது கணினியில் பதிக்கக்கூடும். பல தளங்களில் அதே குறிப்பைப் படிப்பதன் மூலம் அவரது வாசிப்புப் பழக்கம் தொகுக்கப்படுகிறது.

இதைத் தடுக்கும் வழிகளில் ஒன்று வடிகட்டும் பிராக்ஸி. 'இன்டர்நெட் ஜங்க்பஸ்டர்' என்ற மென்பொருளின் வழிவந்த 'பிரிவாக்ஸி'யின் 3.0 பதிப்பு 2002ஆம் ஆண்டில் வெளியானது. இந்த இலவச மென்பொருள், பயனரின் கணினியிலேயே இயங்கி, உலாவிக்கும் இணையத்துக்கும் இடையே நின்று விளம்பரங்களை மறிக்கிறது, குக்கிகளைக் கட்டுப்படுத்துகிறது.

பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்படும் எச்டிடிபிஎஸ் முறைக்கு மாறியதால், பிராக்ஸிக்குத் தளத்தின் பெயர் தெரிந்தாலும் பக்கத்தின் உள்ளடக்கம் தெரிவதில்லை. மறையாக்கத்தை இடையில் அவிழ்த்து வடிகட்டும் வசதி 2020இல் வெளியான 3.0.29 பதிப்பில் சேர்க்கப்பட்டது. எனினும் அவ்வசதியைப் பயன்படுத்தினால், தளங்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பொறுப்பு உலாவியிடமிருந்து பிராக்ஸிக்கு மாறிவிடுகிறது. அதில் தவறு நேர்ந்தால் பாதுகாப்பே குலையலாம்.

மேலும், பிரிவாக்ஸி தனித்து நின்று பயனரின் ஐபி முகவரியை மறைப்பதில்லை. விளம்பர நிறுவனங்களின் பின்தொடர்தலை அது குறைக்கும். அரசின் கண்காணிப்புக்கு அஞ்சும் ஒருவர் அதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது. முகவரியை மறைக்க டோர் போன்ற வலையமைப்பு அவருக்குத் தேவைப்படும்.