ஒரு நோட் மிஸ்ஸிங்: ‘ப்ளூ மண்டே’ இன்னும் ஏன் ஓடுது?

இன்னிக்கு ஒரு பக் பத்திப் பேசப் போறேன். 1983 மார்ச்ல ரிலீஸ் ஆச்சு, இன்னி வரைக்கும் யாரும் அதை ஃபிக்ஸ் பண்ணல. நல்லவேளை.

நியூ ஆர்டரோட ‘ப்ளூ மண்டே’. பேரு தெரியாட்டியும் அந்த ஆரம்பம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வெறும் கிக் ட்ரம், தடதடன்னு, கதவை யாரோ அவசரமா தட்டுற மாதிரி. ‘வொண்டர் வுமன் 1984’ ட்ரெய்லர்ல வந்ததும் இதோட ரீமிக்ஸ்தான்.

கொஞ்சம் பின்னாடி போகணும். மான்செஸ்டர்ல ஜாய் டிவிஷன்னு ஒரு பேண்ட். 1980 மே மாசம் அவங்க பாடகர் இயன் கர்ட்டிஸ் தற்கொலை பண்ணிக்கிட்டார். மிச்சம் இருந்த மூணு பேரும் பேரை மாத்திக்கிட்டுத் தொடர்ந்தாங்க. அதே வருஷம் கில்லியன் கில்பர்ட் கீபோர்டுக்கு வந்து சேர்ந்தாங்க. பாட ஆள் இல்லாத அந்த இடத்துல, கொஞ்சம் கொஞ்சமா மெஷின்களும் உள்ள வந்துச்சு.

இன்னொரு காரணமும் சொல்வாங்க. இவங்க கச்சேரி முடிஞ்சதும் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டா வாசிக்க மாட்டாங்களாம். பட்டனை அமுக்கிட்டுப் போனா மெஷினே வாசிக்கட்டும்னுதான் இந்தப் பாட்டை யோசிச்சாங்களாம். நம்ம ஊர் கச்சேரின்னா சேர் பறந்திருக்கும்.

ட்ரம்ஸுக்கு ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ். அதுல பேட்டர்ன் எல்லாம் பக்காவா ஏத்தி முடிச்சப்போ, ட்ரம்மர் ஸ்டீஃபன் மோரிஸ் கால் தட்டி ஒயர் பிடுங்கிக்கிச்சு. எல்லாம் போச்சு. திரும்ப முதல்ல இருந்து. முதல்ல பண்ணதுதான் இன்னும் நல்லா இருந்துச்சுன்னு பேஸிஸ்ட் பீட்டர் ஹுக் ரொம்ப வருஷம் கழிச்சும் புலம்பியிருக்கார். சேவ் பண்ணாம ஃபைலைத் தொலைச்ச யாருக்கும் அந்த வலி புரியும்.

இப்போ பக். சிந்த் மெலடியை சீக்வென்சர்ல ஏத்துறது கில்லியன் வேலை. அந்த சீக்வென்சரே பாடகர் பெர்னார்ட் சம்னர் கிட் வாங்கி வீட்ல சேர்த்துக் கட்டினது. ஒவ்வொரு நோட்டையும் கையால உள்ளிடணும். அவங்க ஏ4 பேப்பர்களை டேப் போட்டு ஒட்டி, ஸ்டுடியோ நீளத்துக்கு விரிச்சு, ஸ்வெட்டர் பின்னுற பேட்டர்ன் மாதிரி எழுதி வச்சிருந்தாங்க. அதைப் பார்த்து ஏத்தும்போது ஒரு நோட் விட்டுப்போச்சு.

சீக்வென்சரை ஒரு அர்ரேன்னு நினைச்சுக்கோங்க. நடுவுல ஒண்ணை எடுத்தா பின்னாடி இருக்கிறது எல்லாம் ஒரு இடம் முன்னாடி நகரும். ட்ரம் மெஷினுக்கு இது தெரியாது, அது பாட்டுக்கு ஓடும். அதனால மெலடி, நீங்க எதிர்பார்க்கிற இடத்துல கால் வைக்காது. அது தப்புன்னே தோணாது, ஆனா உடம்பு சும்மா இருக்காது.

போன மாசம் லேப்டாப்ல இதை நானே உருவாக்கிப் பார்த்தேன். விட்டுப்போன நோட்டைச் சேர்த்து, எல்லாத்தையும் குவான்டைஸ் பண்ணேன். கச்சிதமா உட்கார்ந்துச்சு. ஃப்ரெண்டுக்குப் போட்டேன். “லிஃப்ட்ல வர்ற ம்யூசிக் மாதிரி இருக்குடா”ன்னான். ஒரு இடம் தள்ளி வச்சேன், தலையாட்ட ஆரம்பிச்சுட்டான். இப்போ வர்ற சாஃப்ட்வேர்ல இந்த மாதிரி தப்பை ஈஸியா திருத்திடலாம். கில்லியன் இன்னிக்கு ஏத்தியிருந்தா நமக்கு இந்தப் பாட்டு இப்படிக் கிடைச்சிருக்குமான்னு தெரியல.

நீளம் ஏழரை நிமிஷம். சனியெல்லாம் பிடிக்கல, 12 இஞ்ச் சிங்கிள்கள்லயே அதிகம் வித்தது இதுதான். பீட்டர் சாவில் பண்ண கவர் ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரியே ஓட்டை வெட்டி இருக்கும். முன்பக்கத்துல பாட்டு பேரும் இல்ல, பேண்ட் பேரும் இல்ல. ஓரத்துல வெறும் கலர் கட்டங்கள், அதுதான் கோடு. அந்தக் கவருக்கு ஆன செலவுல ஒவ்வொரு பிரதிக்கும் நஷ்டம்னு ஒரு கதை இன்னும் சுத்துது.

2016-ல ஆர்கெஸ்ட்ரா ஆப்சலீட்னு ஒரு குழு இதையே 1930-கள்ல இருந்த கருவிகளை வச்சு வாசிச்சாங்க, ஆர்மோனியம் உட்பட. மெஷினுக்காகவே பிறந்த பாட்டு மெஷினே இல்லாம நிக்குது.

ஹெட்ஃபோன் போட்டு ஒரு தடவை கேளுங்க. கிக் ஓடும்போதே காலால தாளம் போட ஆரம்பிச்சுடுங்க, சிந்த் வந்தாலும் நிறுத்தாதீங்க. உங்க கால் எங்க தடுமாறுச்சுன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.