வீட்டுக்குள் புகுந்த ஆங்கிலம்

சென்ற வாரம் நாம் பார்த்த ஜப்பானியர் மஞ்சிரோ, 1841இல் கடலில் தத்தளித்து, அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டு, மாசசூசெட்ஸில் வளர்ந்தவர். அவர் ஊர் திரும்பி எழுதிய ஆங்கில உரையாடல் நூல் 1859இல் வந்தது. அங்கிருந்து 1945க்குத் தாவுவோம். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. போர் நடந்த வரை எதிரியின் மொழி என்று ஒதுக்கப்பட்ட ஆங்கிலம் ஒரே மாதத்தில் எல்லோருக்கும் வேண்டியதாயிற்று. அக்டோபர் தொடக்கத்திலேயே, பதிப்பாளர் ஒகாவா கிகுமட்சு வெளியிட்ட 32 பக்க ஜப்பானிய-அமெரிக்க உரையாடல் கையேடு கடைக்கு வந்து, சுமார் 36 லட்சம் பிரதிகள் விற்றது. சோற்றுக்கே திண்டாடிய மக்கள் அதை வாங்கினார்கள். வணக்கம், நன்றி, வழி கேட்பது என, தெருவில் எதிர்ப்படும் அமெரிக்கச் சிப்பாயிடம் சொல்லவேண்டிய வாக்கியங்களே அதன் சரக்கு. அவசரத்துக்கு அது உதவியது; அதற்கு மேல் உதவ அதில் ஒன்றுமில்லை.

அடுத்த பிப்ரவரியில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் வானொலியில் ஹிராகாவா தடாயிச்சியின் ஆங்கிலப் பாடம் தொடங்கியது. வார நாட்களில், மாலையில், கால் மணி நேரம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஜப்பானியக் குழந்தைப் பாட்டின் மெட்டில் அவரே எழுதிய ஆங்கில வரிகள்தான் முகப்புப் பாட்டு. இவர் அமெரிக்காவை அரைகுறையாக அறிந்தவர் அல்லர். ஒகயாமாவில் 1902இல் பிறந்து, 1918இல் அமெரிக்கா போய், வளர்ந்த பையனாக அங்கே தொடக்கப் பள்ளியில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கத் தொடங்கி, 1931இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அமெரிக்க வாழ்க்கையை அங்குலம் அங்குலமாக விவரித்திருக்க முடியும். ஆனால் அவர் பாடங்களில் பெரும்பாலும் பேசியது ஒரு சாதாரண ஜப்பானியக் குடும்பம். அம்மாவும் பிள்ளையும் வீட்டில் அன்றாடம் பேசிக்கொள்வதையே ஆங்கிலத்தில் பேசினார்கள். குழந்தை தாய் சொல்வதைக் கேட்டுத் திரும்பச் சொல்வதைப் போலப் பழகுங்கள் என்பதே அவர் முறை. இந்தத் தேர்வுதான் ஆங்கிலப் பாடத்தின் வரலாற்றில் அவர் செய்த பெரிய காரியம் என்பேன். அன்றாட மொழி என்பது கற்பவனின் அன்றாடம். பிறருடைய அன்றாடத்தை மனப்பாடம் செய்பவனுக்கு அதைப் பயன்படுத்த நாளே வாய்ப்பதில்லை.

வானொலிப் பாடத்தின் வெற்றி பாட்டும் காலமும் சேர்ந்து தந்தது, பாடமுறைக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். காலம் கையேட்டுக்கும் அதேதான், விற்பனையோ பிரமாதம். ஆனால் வானொலிப் பாடத்தைக் கேட்டவர்கள் ஊர் ஊராகச் சங்கம் கூடிப் பழகினார்கள். 1951இல் என்எச்கேயில் முடிந்த பிறகும் தனியார் வானொலியில் 1955 வரை அது தொடர்ந்தது. ஒரு மெட்டின் கவர்ச்சி அத்தனை ஆண்டுகள் தாங்காது. இன்னொன்றையும் நினைக்கவேண்டும்: ஜப்பானியர் சுற்றுலாவுக்காக வெளிநாடு போக அனுமதி கிடைத்ததே 1964 ஏப்ரலில்தான். அமெரிக்க விருந்து மேசையில் எப்படி உட்காரவேண்டும் என்பது 1946இல் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு எதற்கு? தன் வீட்டைப் பற்றி அவளால் அன்றைக்கே பேச முடிந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பழக்கவழக்கத்தை விட்டுவிட்டு மொழியை மட்டும் கற்பித்தால் விபரீதம் அல்லவா? உண்மைதான். பாராட்டினால் மறுத்துப் பணிவு காட்டுவது ஜப்பானிய மரபு. அமெரிக்கர் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்வதை எதிர்பார்ப்பார். பரிசைக் கொடுத்தவர் முன்னாலேயே பிரித்து மகிழ்வது அமெரிக்க வழக்கம். அதைப் பத்திரமாக எடுத்து வைத்துப் பிறகு பிரிப்பது ஜப்பானியரின் பழைய நாகரிகம். தெரியாவிட்டால் ஒருவரை ஒருவர் தவறாக எடைபோடுவார்கள். ஆகவே இவற்றைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும். ஆனால் தெரிந்துகொள்வது வேறு, நடித்துக் காட்டுவது வேறு. அமெரிக்கர் ஏன் உடனே பிரிக்கிறார் என்று புரிந்துகொண்டு, நாங்கள் ஏன் பிரிப்பதில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்த மாணவி இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்பாள். பிரித்துக் குதூகலிக்க மட்டும் பயிற்சி பெற்றவளுக்கு, அடுத்த கேள்வி வந்ததும் வாய் அடைத்துவிடும்.

1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தின் வழியே வெளிநாட்டு இளைஞர்கள் ஜப்பானியப் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்களாக வருகிறார்கள். அவர்களோடு ஹாலோவீனும் கிறிஸ்துமஸும் வகுப்பறைக்கு வந்தது குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அதை நான் குறை சொல்லவில்லை. 2020 முதல் தொடக்கப் பள்ளியின் ஐந்து, ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. அந்த உதவி ஆசிரியர் அக்டோபரில் பூசணிக்காயைச் செதுக்கிக் காட்டினால், ஜனவரியில் புத்தாண்டுக்கு வீட்டில் என்ன சமைத்தார்கள், பாட்டி எந்தக் கோயிலுக்கு அழைத்துப் போனார் என்று பிள்ளைகள் அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். அந்த இரண்டாவது வகுப்பு இல்லாத பாடத்திட்டம் அரைப் பாடத்திட்டம்தான்.

(தொடரும்)